பார்த்தவர்கள் பட்டியல்

நுகுஅலோஃபா
ஜூன் 15, திங்கட்கிழமை

வவாவு கிளையின் தொழில்நுட்பப் பொறுப்பாளர் அவர்களுக்கு,

இப்படித்தான் தொடங்க வேண்டியிருக்கிறது. என் படங்களைப் பார்ப்பது பெனிசிமானி என்கிற நீ இல்லையே, வவாவு தொலைபேசிக் கிளை அலுவலகமல்லவா.

கடலடிக் கேபிள் அறுந்து மூன்று வாரம் ஆகிறது. வவாவுக்குப் போனும் இல்லை, இணையமும் இல்லை. இங்கே தலைநகரத்தில் இருக்கும் வவாவுக்காரர்கள் எல்லாரும் துறைமுகத்தில் நின்று கப்பலில் இறங்குகிறவர்களிடம் வீட்டுச் செய்தி விசாரிக்கிறார்கள். அப்படியிருக்க, நான் காலையில் போடும் ஸ்டோரிக்குக் கீழே, பார்த்தவர்கள் பட்டியலில், ஏழு மணியானால் உன் அலுவலகப் பக்கத்தின் பெயர் வந்து உட்காருகிறது. பத்தொன்பது நாளாக. என் புதுச் செருப்பைப் பார்த்தது. தேவாலயப் பாட்டு ஒத்திகையைப் பார்த்தது. பக்கத்து வீட்டுப் பன்றி என் பாவாடையை மென்றதையும் பார்த்தது.

கூட வேலை செய்யும் சிசிலியாவிடம் காட்டினேன். "உன் செருப்புல சிக்னல் வருதான்னு செக் பண்றாங்கடி" என்றாள். சிரித்தேன். அப்புறம் எரிச்சல் வந்தது.

உன் பெயரைத் தடுத்து வைத்திருக்கிறேன். நீ அலுவலகப் பெயரில் வருகிறாய். வாசலைச் சாத்திய வீட்டுக்குள் அரசாங்க வண்டியில் ஏறி வருகிறவன் மாதிரி. நிறுத்து.

இன்னொன்று. இதை எழுதி, அடித்து, மறுபடி எழுதுகிறேன். வீட்டிலிருந்து ஒரு சொல் வரவில்லை. கேபிள் அறுவதற்கு முன்னால் பேசியபோது அப்பாவின் கால் புண் ஆறவில்லை என்று அம்மா சொன்னாள். சர்க்கரைக்காரர். மருந்து வேளையை மறந்தாலும் மறப்பார், தேங்காய்ப்பால் ஊற்றிய லூக் கறியை மறக்க மாட்டார். உன்னிடம் ஏதோ ஒரு வழி திறந்திருக்கிறது. அம்மாவைக் கேட்டு எனக்கு ஒரு வரி அனுப்பு. "இனி எனக்கு ஒரு வார்த்தையும் அனுப்பாதே" என்று போன அக்டோபரில் சொன்னேன். இந்த ஒன்றுக்கு மட்டும் அதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

லெசியெலி


நெயாஃபு
ஜூன் 24, புதன்கிழமை

லெசியெலி,

உன் கடிதமும் நீயும் ஒரே கப்பலில் வந்திருக்கிறீர்கள். நீ முதலில் இறங்கினாய், கறுப்பு உடுத்திக்கொண்டு. தபால் மூட்டையை மறுநாள்தான் பிரித்தார்கள். உன் அப்பாவை அடக்கம் செய்துவிட்டு வந்து பார்த்தால் மேசையில் உன் கையெழுத்து.

எனக்குச் சுற்றி வளைக்க வராது. நேராகச் சொல்கிறேன்.

எங்கள் கூரைமேல் செயற்கைக்கோள் தட்டு ஒன்று இருக்கிறது. அதில் வரும் வேகம் ஒரு பள்ளிக்கூடத்துக்கே போதாது, ஒரு தீவுக்கு எப்படிப் போதும்? மருத்துவமனை, வங்கி, போலீஸ், துறைமுகம் தவிர யாருக்கும் கொடுக்கக்கூடாது என்று தலைமை அலுவலக உத்தரவு. அதை அச்செடுத்துக் கதவில் ஒட்டியவன் நான். தினமும் காலையில் கிளைப் பக்கத்தில் "கேபிள் இன்னும் சரியாகவில்லை" என்று அறிவிப்புப் போடுவதும் என் வேலைதான். வவாவில் ஒருவருக்கும் தெரியாத அறிவிப்பு. அதைப் போட்டுவிட்டு உன் பக்கத்தைத் திறப்பேன். நாற்பது வினாடி. நாற்பது வினாடியில் யாருக்கும் எதுவும் நின்றுவிடாது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆயிரம் பேர் பார்க்கும் பட்டியலில் ஓர் அலுவலகப் பெயரை நீ கவனிக்க மாட்டாய் என்றும் நினைத்தேன். உன்னைப் பார்ப்பது நூறு பேர்கூட இல்லை என்பது எனக்கே தெரியும். தெரிந்தும் நினைத்தேன்.

இப்போது நீ கேட்காததைச் சொல்லப்போகிறேன். உன் அம்மா உன்னிடம் சொல்லவில்லை என்று உன் முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது.

ஜூன் ஐந்தாம் தேதி, வெள்ளிக்கிழமை, அவர் அலுவலகத்துக்கு வந்தார். வரிசையில் முக்கால் மணி நேரம் நின்றார்.

"ஒரே ஒரு வரி பெனி. அவருக்குக் காலு கறுத்துப்போச்சு. லெசியெலிய செவ்வாய்க்கிழமைக் கப்பல்ல கெளம்பி வரச்சொல்லு. அவ்ளோதான்."

"மருத்துவமனைச் சீட்டு வேணும்மா. சீட்டு இருந்தா உடனே அனுப்பிடலாம்."

"அவரு அங்க வரமாட்டேங்கிறாரே. போனா காலை எடுத்துடுவாங்கன்னு கதவைப் புடிச்சுக்கிட்டு நிக்கிறாரு."

"அப்ப என்னால ஒண்ணும் செய்ய முடியாதும்மா. ரூல்."

பின்னால் நின்றவர் ஒருவர், "நேத்து எனக்கு இல்லேன்னாரு, இன்னிக்கு இவங்களுக்கு உண்டான்னு பாக்கலாம்" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். உன் அம்மா அவரைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "சரிப்பா. உன் வேலைய நீ பாரு" என்று குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

விதி பாதிக் காரணம்தான். மீதியையும் சொல்லிவிடுகிறேன். நீ வார்த்தை அனுப்பாதே என்று சொல்லியிருந்தாய். அனுப்பினால், அப்பாவின் காலைச் சாக்கு வைத்து இவன் திரும்ப வருகிறான் என்று நினைப்பாய் என்று தோன்றியது. அந்த நினைப்புக்குப் பயந்தேன். மறுநாள் காலை ஏழு மணிக்கு உன் பக்கத்தைத் திறந்தேன். நீ மழையில் நனைந்துகொண்டு சிரித்துக்கொண்டிருந்தாய். பதில் எழுதும் பெட்டி படத்துக்குக் கீழேயே இருந்தது. நீளம் ஒரு கட்டைவிரல்.

அன்று எழுதியிருந்தால் ஒன்பதாம் தேதிக் கப்பலைப் பிடித்திருப்பாய். பத்தாம் தேதி வீட்டில் இருந்திருப்பாய். உன் அப்பா போனது பதினைந்தாம் தேதி. ஐந்து நாள். எப்படிக் கழித்துப் பார்த்தாலும் ஐந்துதான் வருகிறது.

அவர் இறந்த செய்தியை மருத்துவமனைத் தாளில் கொண்டுவந்தார்கள். அதைத் தட்டச்சு செய்து உன்னிடம் சொல்லச் சொல்லி நுகுஅலோஃபா போலீசுக்கு அனுப்பியவன் நான்தான். சாவுக்கு விதியில் இடம் இருந்தது.

அடக்கத்தன்று பின்கட்டில் உமு குழியடுப்புக்குக் கல் சுட வைத்துக்கொண்டிருந்தேன். யாரும் கூப்பிடவில்லை, யாரும் போகச் சொல்லவும் இல்லை. துக்க முறைப்படி உன் அத்தை கத்தரியோடு வந்து உன் பின்னலை வெட்டியதைப் புகைக்கு நடுவில் பார்த்தேன். தோளோடு நிறுத்திவிட்டார். நீ இன்னும் வெட்டச் சொன்னதும் அவர் தலையாட்டி மறுத்ததும் தெரிந்தது. பேச்சு கேட்கவில்லை.

மன்னிப்புக் கேட்க இதை எழுதவில்லை. உனக்குத் தெரிய வேண்டும், அதற்காக.

பெனிசிமானி


நுகுஅலோஃபா
ஜூலை 6, திங்கட்கிழமை

பெனி,

வவாவிலிருந்து திரும்பி வந்தபோது இரண்டு கடிதம் காத்திருந்தன. ஒன்று உன்னுடையது. இன்னொன்று அம்மா ஜூன் பதினொன்றாம் தேதிக் கப்பலில் அனுப்பியது. என் பழைய அறை முகவரிக்குப் போய், அங்கே குடியிருக்கிறவர்கள் எடுத்து வைத்திருந்து கொடுத்தார்கள். அம்மாவுடையதை முதலில் பிரித்தேன். "பெனியைக் கேட்டேன். விதி இருக்கிறதாம். வேலையில் ஒழுங்கான பையன், அவனிடம் சண்டைக்குப் போகாதே" என்று எழுதியிருக்கிறாள். அதை வாசித்துவிட்டு உன்னுடையதை வாசித்தேன்.

உனக்கு அக்டோபர் ஞாயிற்றுக்கிழமை நினைவிருக்கிறதா? அன்றைக்கு நடந்ததை நீ இதுவரை சரியாகக் கேட்டதே இல்லை. பூசை முடிந்து ஒரு மணிக்கு வீட்டுக்கு வந்து அப்பாவிடம் என்னைப் பெண் கேட்பதாகச் சொன்னாய். அப்பா வளர்த்த பன்றியை விருந்துக்கு அடித்தார். மரியாதைக்குக் கட்டும் நல்ல பாயை இடுப்பில் கட்டிக்கொண்டு ஐந்து மணிவரை நாற்காலியில் இருந்தார். நீ தொலைபேசிக் கோபுரத்தில் இருந்தாய், ஜெனரேட்டர் நின்றுபோயிற்று என்று. ஞாயிற்றுக்கிழமை வேலை செய்வது நம் ஊரில் சட்டப்படியே குற்றம். தேவாலயப் பொறுப்பில் இருந்த அப்பா அதைக்கூட மன்னித்தார். "கோபுரம் நின்னா ஊரு நிக்கும், ஏறத்தான் வேணும்" என்றார். ஆனால் ஒரு பையனை அனுப்பி, வர முடியவில்லை என்று நீ சொல்லவில்லை. அதற்கு என்னிடம் சொன்னார்: "வராதது ஒண்ணுமில்லம்மா. வரலேன்னு சொல்லத் தெரியாதவன் வீட்டுல நீ காலம் பூரா யார்கூடப் பேசிக்கிட்டு இருப்பே?"

அதனால்தான் முறித்தேன். உன் கோபுரத்தின்மேல் பொறாமைப்பட்டு அல்ல.

இப்போது நீயும் தெரிந்துகொள். உன்னிடமிருந்து திரும்பிய வெள்ளிக்கிழமை அம்மா அப்பாவிடம் பொய் சொன்னாள். "பெனிகிட்ட சொல்லியாச்சு. சேதி போயிருக்கும். புதன்கிழமை வந்துருவா." மனசு தேறட்டும் என்று சொன்னாள். புதன்கிழமை கப்பல் சங்கு கேட்டதும் அப்பா சட்டை மாற்றச் சொன்னாராம். வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தாராம். நான் இறங்கவில்லை.

மகளுக்குச் செய்தி போய்விட்டது, தெரிந்தும் அவள் வரவில்லை. இப்படி நினைத்துக்கொண்டு அப்பா போயிருக்கிறார். இதை நான் என்ன செய்ய வேண்டும் என்று சொல். உன் தொழில்நுட்பப் படிப்பில் இதற்கு ஏதாவது சொல்லிக்கொடுத்தார்களா?

அத்தை முழுசாக வெட்டியிருக்கலாம். தலை கனக்கிறது.

லெசியெலி


நெயாஃபு
ஜூலை 15, புதன்கிழமை

லெசியெலி,

உன் கேள்விக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். மூன்று தாள் எழுதினேன். மூன்றிலும் ஏதாவது ஒரு விளக்கம் வந்து நுழைந்துகொண்டது. கிழித்துப் போட்டேன்.

நடந்ததை மட்டும் சொல்கிறேன். உன் கடிதம் வந்த அன்றைக்கே கதவில் ஒட்டிய தாளை எடுத்துவிட்டேன். வெளியே பெஞ்சு போட்டிருக்கிறேன். மருத்துவமனை வேலை முடிந்ததும் நாலு மணியிலிருந்து ஆறு மணிவரை யார் வேண்டுமானாலும் வரலாம். ஆளுக்குப் பத்து வார்த்தை. சொல்லச் சொல்ல நான் அடித்து அனுப்புகிறேன். படம் இல்லை, எழுத்து மட்டும். எழுத்துக்கு இடமே பிடிக்காது என்பது எனக்கு முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும். தீவு முழுக்க அனுப்பினாலும் உன் ஒரு செருப்புப் படத்தின் அளவு வராது.

முதல் நாள் வந்த பெரியவர் ஒருவர் ஆக்லாந்தில் இருக்கும் மகனுக்குச் சொல்லச் சொன்னார்: "நாய் ஆறு குட்டி போட்டிருக்கு. ஒண்ணு வெள்ளை."

"இதுவாங்க அவசரம்?" என்றேன்.

"அவன் நாய்டா அது" என்றார்.

அனுப்பினேன். அரை மணியில் பதில் வந்தது: வெள்ளையை யாருக்கும் கொடுக்காதே. அவர் அதை என்னிடம் நாலு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுப் போனார்.

ஒரு வாரம்கூட ஆகவில்லை, தலைமை அலுவலகம் கண்டுபிடித்துவிட்டது. மேலதிகாரி லைனில் வந்து கத்தினார். "யாரைக் கேட்டு இதைச் செஞ்சே?" என்றார். யாரையும் கேட்கவில்லை என்றேன். எச்சரிக்கைக் கடிதம் வருகிறது. வரட்டும். நிறுத்தச் சொன்னார், நிறுத்தவில்லை. கிளைப் பக்கத்தை வாடிக்கையாளர் மேசையில் இருக்கும் ஃபினேவிடம் ஒப்படைத்து, கடவுச்சொல்லை மாற்றச் சொல்லிவிட்டேன். புதுக் கடவுச்சொல் எனக்குத் தெரியாது. இனி உன் பட்டியலில் அந்தப் பெயர் வந்தால், ஃபினேவுக்கு உன் செருப்பு பிடித்திருக்கிறது என்று அர்த்தம்.

உன் வீடுவரை ஒரு நாள் நடந்தேன். பலாக்காய் மரம் வரைக்கும். அம்மா துணி உலர்த்திக்கொண்டிருந்தார். திரும்பிவிட்டேன்.

பெனிசிமானி


நுகுஅலோஃபா
ஜூலை 27, திங்கட்கிழமை

பெனி,

இது சின்னக் கடிதம். ஒரு பொய்யைத் திருத்த வேண்டும், அவ்வளவுதான்.

பத்தொன்பது நாள் பொறுத்துவிட்டுக் கண்டிக்க எழுதியதாக என் முதல் கடிதம் தொனித்தது. அப்படி இல்லை. மூன்றாவது நாளே எனக்குத் தெரியும். வவாவு கிளை என்றால் நீ. அந்தக் கிளையில் காலை ஏழு மணிக்கு வேறு யார் எழுந்து வேலைக்கு வருகிறார்கள்?

தெரிந்த பிறகு ஸ்டோரியை ஏழு மணிக்குக் கால் மணி முன்னால் போட ஆரம்பித்தேன். புதுச் செருப்பு என் செருப்பு இல்லை. சிசிலியாவுடையது. மழையில் சிரித்ததை நாலு தடவை எடுத்தோம். நீ இல்லாமல் நான் நன்றாக இருக்கிறேன் என்று உனக்குத் தெரிய வேண்டும். அதற்காகப் பாடுபட்டேன். ஏழு ஐந்துக்குப் பட்டியலைத் திறந்து பெயர் இருக்கிறதா என்று பார்ப்பேன். இருந்தால்தான் சாப்பாடு இறங்கும்.

உன் பெயரைத் தடுத்து வைத்திருந்தது நான். திறக்க எனக்கு ஒரு வினாடி போதும். திறந்து, "அப்பா எப்படி இருக்கார்?" என்று கேட்டிருக்கலாம். மூன்று வார்த்தை. மே மாதக் கடைசியிலேயே கேட்டிருக்கலாம். நான் முதலில் பேசினால் நான் தோற்றதாக ஆகிவிடும் என்று பதினாறு நாள் செருப்பு காட்டிக்கொண்டிருந்தேன். உன் கணக்கில் ஐந்து நாள் என்றால் என் கணக்கில் அதைவிட அதிகம்.

இதனால் நீ செய்தது இல்லாமல் போய்விடாது. நான் செய்ததும் போகாது.

இப்போது ஸ்டோரி எதுவும் போடுவதில்லை. ஆனாலும் ஏழு மணிக்குக் கை போனுக்குப் போகிறது.

வார்த்தை அனுப்பாதே என்று சொன்னது எனக்குத்தான். அம்மாவிடம் பேசாதே என்று யாரும் உனக்குச் சொல்லவில்லை. பலாக்காய் மரத்திலிருந்து வீட்டு வாசலுக்கு எத்தனை அடி என்று என்னைவிட உனக்கு நன்றாகத் தெரியும்.

லெசியெலி


நெயாஃபு
ஆகஸ்ட் 10, திங்கட்கிழமை

லெசியெலி,

கேபிள் சரியாகிவிட்டது. வியாழக்கிழமை சாயங்காலம் எல்லார் போனும் ஒரே நேரத்தில் சத்தம் போட்டதைக் கேட்டிருக்க வேண்டுமே. தெருவில் நாய்கள் எல்லாம் குரைத்தன. பெஞ்சை உள்ளே எடுத்துப் போட்டுவிட்டேன்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்ததும் இடுப்பில் பாய் கட்டிக்கொண்டு உன் வீட்டுக்குப் போனேன். சரியாக ஒரு மணிக்கு. கையில் கிழங்கு ஒரு கூடை.

உன் அம்மா வாசலிலேயே நின்றிருந்தார். கடிகாரத்தைத் திரும்பிப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"ஒரு மணிக்கு வரேன்னு சொன்ன ஆளு வந்துட்டான்" என்றார். "பத்து மாசம் லேட்டு. உள்ள வா. பன்னி இல்ல, லூதான் இருக்கு."

அப்பாவின் நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. நான் தரையில் உட்கார்ந்தேன்.  நேராகவே கேட்டுவிட்டேன். உன்னால் கேட்க முடியாது என்று தெரியும். அதனால் நான் கேட்டேன்.

"லெசியெலி வரலேன்னு அவரு வருத்தத்தோடதான் போனாராம்மா?"

அவர் கரண்டியைக் கீழே வைத்தார்.

"யாரு சொன்னா? அவளா?"

"அவ அப்படித்தான் நெனைக்கிறா."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலையே அவ." பிறகு சொன்னார். "நான் பொய் சொன்னது கப்பல் வந்த மறுநாளே அவருக்குத் தெரிஞ்சுபோச்சு பெனி. முப்பது வருஷம் கூட இருந்த மனுஷன், எம்மூஞ்சி தெரியாதா? வியாழக்கிழமை காலையில கேட்டாரு, 'சேதி போகல, இல்ல?'ன்னு. போகலன்னேன். 'அப்ப சரி'ன்னு திரும்பிப் படுத்துக்கிட்டாரு. அதுக்கப்புறம் வாசலப் பாக்கல."

என்னைப் பற்றி ஏதாவது சொன்னாரா என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை. அது எனக்குத் தேவையில்லாதது.

இன்னொன்றும் சொன்னார். கவனமாக வாசி, அவர் சொன்ன சொல்லையே எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை, போவதற்கு முதல் நாள், உன் அப்பா அவரைக் கூப்பிட்டிருக்கிறார். தன் அக்காவிடம், அதாவது உன் அத்தையிடம், நேரில் இதைப் பேச முடியாது, கூடப்பிறந்த ஆணும் பெண்ணும் இப்படி நேருக்கு நேர் பேசாத நம் முறை உனக்குத் தெரியும். அதனால் உன் அம்மாவிடம் சொல்லி அனுப்பினார்.

"அக்காகிட்ட சொல்லிடு. புள்ள வந்து எறங்குறப்ப நான் இருக்க மாட்டேன். கத்தரிய எடுத்தா தோளோட நிறுத்தச் சொல்லு. வழியில அழுதுக்கிட்டே வந்திருக்கும். அதுக்கு மேல அதைக் கஷ்டப்படுத்த வேணாம்."

உன் தலை கனப்பது அதனால்தான்.

"இதை நீங்களே போன்ல சொல்லுங்கம்மா, இப்பத்தான் லைன் வந்துருச்சே" என்றேன். அவர் என் தட்டில் இன்னொரு கரண்டி போட்டார். "நீ எழுது. நீ அவளுக்கு ஒரு சேதி சொல்ல வேண்டியிருந்துச்சுல்ல, அதுக்குப் பதிலா இதச் சொல்லு" என்றார்.

போனில் நீ இன்னும் கதவைச் சாத்தி வைத்திருக்கிறாய். திறக்கச் சொல்லவில்லை. அதனால் இது நாளை மறுநாள் வரும் கப்பலில் ஏறி, உன் புது முகவரிக்கு வரும். முகவரியை அம்மாவிடம் இரண்டு தடவை கேட்டுச் சரிபார்த்தேன்.

திரும்பி வரும்போது நேரம் பார்த்தேன். உன் வீட்டு வாசலிலிருந்து என் அலுவலகக் கதவுக்குப் பன்னிரண்டு நிமிடம். அன்றைக்கு நான் ஏறியிருந்த கோபுரத்திலிருந்து உன் வீட்டுக்கும் அவ்வளவுதான்.

பெனிசிமானி